மூத்த பொட்டலத்துக்கு வழி

பிப்ரவரி 6

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். அவளுடைய முழங்கால் மட்டும் எங்களோடு சேரவில்லை. உன் இருமல் நின்றதா என்பதை முதலில் எழுது.

அன்று தொலைபேசியில் நீ கேட்டதற்கு மழுப்பிவிட்டேன். என் மேசைக்கு எதிரே ஆள் உட்கார்ந்திருந்தார். அலுவலக மின்னஞ்சலையும் யாராவது பார்ப்பார்கள். தவிர, நீ கேட்கிற வேகத்துக்கு எனக்குப் பதில் வராது. அதனால் தாளில் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுதுவேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே விளங்கும்.

வானிலைத் துறை புயல் கணிப்புக்கு ஒரே ஒரு நிரலைத் தேர்ந்தெடுக்கப்போகிறது. போட்டியில் இருப்பது இரண்டு. ஒன்று உன்னுடையது, மற்றது உன் பழைய கணவருடையது. இரண்டும் எங்கள் கூடத்துப் பெரிய கணினியில்தான் ஓடுகின்றன. இருவருக்கும் சரிசமமாக அலமாரிகள் ஒதுக்கியிருக்கிறோம். பிறகு உன்னுடையது மட்டும் ஏன் நொண்டுகிறது என்பது உன் கேள்வி.

நொண்டுவது உன் நிரல் இல்லை. பெரிய கணினி என்பது அலமாரி அலமாரியாக அடுக்கிய பல கணினிகள். அவற்றைக் கேபிளால் கோத்து, ஒன்று சொல்வது மற்றதற்குப் போய்ச் சேரும்படி பார்ப்பது என் வேலை. சொல்வதெல்லாம் சிறு பொட்டலங்களாகப் போகிறது. கணக்கின் விடைகள் அத்தனையும் வரிசையின் தலைமாட்டில் இருக்கும் சேமிப்புக் கிடங்குக்குப் போயாக வேண்டும். பாதை ஒன்றுதான்.

ஆட்டம் முடிந்து மைதானத்திலிருந்து வண்டிகள் வெளியேறுவதை நினைத்துக்கொள். ஒவ்வொரு திருப்பத்திலும், பாதையில் வரும் வண்டி ஒன்று, பக்கத்து வரிசையிலிருந்து ஒன்று என்று மாற்றி மாற்றி விடுகிறார்கள். எந்தத் திருப்பத்தில் நின்று பார்த்தாலும் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் வாசலை ஒட்டிய வரிசை பாதிப் பாதையை எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தில் பாதி அடுத்த வரிசைக்கு. அதிலும் மிச்சத்தில் பாதி அதற்கடுத்ததற்கு. கடைசி வரிசைக்காரர் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பொட்டலங்களுக்குத் திருப்பங்களில் வழிவிடும் எங்கள் ஸ்விட்சுகளும் அப்படித்தான் செய்கின்றன.

உன் அலமாரிகள் கடைசியில் இருக்கின்றன. அவருடையவை முதலில். யாரும் ஏமாற்றவில்லை. கஷ்டமே அதுதான், குற்றம் சொல்ல ஆள் இல்லை. நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம்.

உன் அண்ணன்

பிப்ரவரி 19

அண்ணாவுக்கு,

இருமல் போய்விட்டது. கோபம் வந்திருக்கிறது. அண்ணியின் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறீர்களா, அல்லது அதையும் பரிசீலனையில் வைத்திருக்கிறீர்களா?

குற்றம் சொல்ல ஆள் இருக்கிறார். முதல் வரிசை அலமாரிகளை அவரே கேட்டு வாங்கினாரா இல்லையா என்று விசாரியுங்கள். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் முன்வரிசை நாற்காலியில் துண்டு போடுகிற மனிதர். நாம் அவருக்கு முன்வரிசை என்றே பெயர் வைத்தோமே. ஆனால் இது அந்தப் பழக்கத்தால் மட்டும் வந்ததில்லை. கிடங்குக்கு அருகில் இருக்கிற அலமாரிக்குத்தான் வழி அதிகம் கிடைக்கும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். எங்கள் வீட்டுச் சமையல் மேசையில், அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். தலையை நிமிர்த்தவே இல்லை. கேட்கவில்லை என்று நினைத்தேன்.

அந்தப் புயல் நிரலும் அதே மேசையில் நான் எழுதியதுதான். உங்களுக்குத் தெரியும். விவாகரத்துக்கு முன்பே நிரலின் முகப்பு அட்டையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார். என் பங்கு என்ன என்று அலுவலகத்தில் கேட்டபோது, "அவங்க டைப் அடிச்சுக் கொடுத்தாங்க" என்றார். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். நீங்களும் அந்த அறையில்தான் இருந்தீர்கள்.

இப்போது வேறோர் ஊரில், வேறொரு சின்னக் குழுவோடு, முதலிலிருந்து புதிதாக எழுதியிருக்கிறேன். இது அதைவிட நல்ல நிரல். இது தோற்றால், டைப் அடித்தவள் என்பதுதான் கடைசி வரை என் பெயர். சலுகை கேட்கவில்லை. பாதையைச் சரிசெய்யுங்கள்.

உங்கள் தங்கை

மார்ச் 14

அன்புள்ள தங்கைக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அண்ணிக்கு ஒத்தடம் நடக்கிறது. நான் கொடுப்பது போதவில்லை என்று அவளே கொடுத்துக்கொள்கிறாள்.

விசாரித்தேன். அவராகத்தான் முதல் வரிசையைக் கேட்டிருக்கிறார். அங்கே ஏசி காற்று நன்றாக வருகிறது என்று காரணம் எழுதியிருக்கிறார்.

கூட்டத்தில் விஷயத்தை எடுத்தேன். எடுப்பதற்கு முன் இரண்டு கூட்டங்களில் எடுக்காமல் திரும்பிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருப்பத்துக்குத் திருப்பம் ஒன்றுக்கு ஒன்று என்று விடுவதை நிறுத்திவிட்டு, பொட்டலங்களில் எது மூத்ததோ அதற்கு வழி விடலாம் என்றேன். தொலைவிலிருந்து வருவது வழியிலேயே வயதாகி வருகிறது. அதனால் எந்த ஸ்விட்சிலும் அதற்கு முதல் உரிமை கிடைக்கும். அருகில் இருப்பது சற்றுக் காத்திருக்கும். கடைசியில் எல்லோருக்கும் ஒரே பங்கு.

உன் முன்வரிசை இப்போதும் முன்வரிசையில்தான் இருந்தார். "நல்லா ஓடிட்டிருக்கறத ஏன் மச்சான் நோண்டறீங்க?" என்றார். உறவு அறுந்து இத்தனை வருடமாகியும் மச்சான் என்றுதான் கூப்பிடுகிறார், நாலு பேர் முன்னால். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்துவிட்டேன், பழக்கம். ஆனால் கூடத்தின் தலைவி சிரிக்கவில்லை. நாங்கள் அவரை மேடம் என்போம். ஏப்ரலிலிருந்து சோதித்துப் பார்க்கச் சொல்லிவிட்டார்.

விதியை எழுதி முடித்துவிட்டேன். பொட்டலத்தின் வயதை அது உருவான நொடியிலிருந்து எண்ணுவதா, கணினியின் வாசல் தாண்டிப் பாதைக்கு வந்த நொடியிலிருந்து எண்ணுவதா என்று ஒரு வாரம் குழம்பினேன். இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் வராது என்று தோன்றியது. உருவான நொடி என்றே வைத்துவிட்டேன்.

உன் அண்ணன்

ஏப்ரல் 20

அண்ணாவுக்கு,

நான் சௌக்கியம். இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது. அதனால் கையெழுத்தைப் பொருட்படுத்தாதீர்கள்.

என் நிரல் ஓடுகிறது. அவருடையதோடு தோள் உரசிக்கொண்டு ஓடுகிறது. சில நாள் முந்துகிறது. பாதையில் பாதியை விழுங்கித்தான் இத்தனை நாள் வேகம் காட்டியிருக்கிறார். என் குழுவில் எல்லோரும் உங்களைக் கும்பிடுகிறார்கள்.

இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் சமம் என்று வந்தபிறகுதான் எனக்குப் பசியே எடுக்கிறது. அந்த அலுவலகத்தில் என்னை வேலையிலிருந்து எடுத்த அன்று என் அடையாள அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. காவலாளி வெளியே நிற்கச் சொன்னார். மழை தூறியது. என் சாமான்களை யாரோ எடுத்துவருவதாகச் சொன்னார்கள். அவருடைய கார் என் பக்கமாகத்தான் உள்ளே போனது. போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், பார்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 12 தேர்வுக் குழுவின் முன்னால் கடைசி ஓட்டம். ஒரே புயல், இரண்டு நிரல், எது முதலில் முடிக்கிறதோ அது. அன்றைக்கு அவர் நிற்க வேண்டும் அண்ணா. வாசலில் நிற்க வேண்டும். அந்த வாசல்கள் உங்கள் கையில் இருக்கின்றன. ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவையாவது, எனக்காகக் கையை உயர்த்துங்கள்.

உங்கள் தங்கை

மே 9

அன்புள்ள தங்கைக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? உன் அண்ணி இப்போது மாடிப்படி ஏறுகிறாள். இறங்கும்போதுதான் என்னைத் திட்டுகிறாள்.

நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். நீ சொல்கிற வசதி இருக்கிறது, மறுக்கவில்லை. பாதையில் நெரிசல் முற்றினால், ஒரு குழுவின் கணினிகளைப் பார்த்து, கொஞ்சம் பொறு, எதுவும் அனுப்பாதே என்று என் மேசையிலிருந்தே சொல்லலாம். அவசரத்துக்கென்று வைத்தது. பகைக்கு வைத்தது இல்லை. நான் அதைச் செய்தால் என் விதிக்கு என்ன மரியாதை? உன் வெற்றிக்குத்தான் என்ன மரியாதை? செய்யமாட்டேன். இப்படி உறுதியாக எழுதுவது எனக்குப் புதிது. சரியாக இருக்கிறதா என்று தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை நேற்றே முடித்து மடித்து வைத்திருந்தேன். இன்று தாழ்வாரத்தில் அவரைப் பார்த்தேன். கூட இரண்டு இளைஞர்கள். என்னை நிறுத்தித் தோளில் கை போட்டு, "என்ன மச்சான், தங்கச்சி இன்னும் டைப் அடிக்கறாங்களா, இல்ல கை ஓஞ்சு போச்சா?" என்றார். இளைஞர்களுக்குப் புரியவில்லை. மரியாதைக்குச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்பதை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை.

இதைப் பற்றி இனி எழுதமாட்டேன். நீயும் எழுதாதே.

உன் அண்ணன்

ஜூன் 4

அண்ணாவுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன், கடைசி முறை. உடம்பு நன்றாக இருக்கிறது, தூக்கம் மட்டும் வருவதில்லை.

ஏப்ரலில் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இந்த வாரம் மூன்று ஒத்திகை பார்த்தோம். மூன்றிலும் சமமான பாதையில், யார் தயவும் இல்லாமல், என்னுடையது முதலில் முடித்தது. எனக்கு வேறொன்றும் வேண்டாம். என் கையால் அவரை அடிக்க வேண்டும். உங்கள் கையால் விழுந்தார் என்றால் அது எனக்கு ருசிக்காது.

உங்கள் மே மாதக் கடிதத்தின் முதல் பாதியை நம்புகிறேன். கடைசிப் பாதியைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. தயவுசெய்து அன்று ஒன்றும் செய்யாமல் சும்மா உட்காருங்கள். உங்களுக்கு அது வராத வித்தையா?

உங்கள் தங்கை

ஜூன் 13

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் நலம்.

நேற்றைய முடிவு உனக்கு வந்திருக்கும். அவருடையது முதலில் முடித்தது. உன்னுடையது வெகு நேரம் கழித்து. குழுவினர் அவருக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். மாத முடிவில் முறையாக அறிவிப்பார்களாம். நீ மனம் தளரக்கூடாது.

உன் ஜூன் 4 கடிதம் இன்று காலைதான் கிடைத்தது.

இங்கே வெயில் குறைந்திருக்கிறது. அண்ணி உன்னை விசாரித்தாள்.

உன் அண்ணன்

ஜூலை 2

அண்ணாவுக்கு,

என் உடம்பைப் பற்றி விசாரிக்க வேண்டாம்.

அன்றைய ஓட்டத்தின் பதிவுகளைக் கேட்டு வாங்கி, மூன்று வாரமாக உட்கார்ந்து பார்த்தேன். காலை முழுவதும் அவருடைய அலமாரிகளிலிருந்து பாதைக்கு ஒரு பொட்டலம் வரவில்லை. அந்த நேரத்தில் நான் பறந்துகொண்டிருந்தேன். மதியம் குழுவினர் சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்த கொஞ்ச நேரத்தில் அவருடையது திறந்துகொண்டது. அதற்கப்புறம் என்னுடையது செத்துவிட்டது. இயந்திரம் பழுதாகவில்லை. கேபிள் அறவில்லை.

பிறகு உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். உருவான நொடியிலிருந்து வயது.

நீங்கள் அவர் அனுப்புவதைத்தான் நிறுத்தினீர்கள். கணக்குப் போடுவதை நிறுத்தவில்லை. காலையெல்லாம் அவருடைய கணினிகள் விடைகளைப் போட்டுப் போட்டு வாசலிலேயே அடுக்கி வைத்தன. அங்கே நிற்க நிற்க அத்தனைக்கும் வயதாகிவிட்டது. மேடமும் குழுவும் வருவதைப் பார்த்துப் பயந்து வாசலைத் திறந்துவிட்டீர்கள். மூத்ததற்கு வழி என்பது உங்கள் சட்டம். ஊர்வலம் மாதிரி கிளம்பின. ஒவ்வொரு ஸ்விட்சிலும் என்னுடைய பொட்டலங்கள் அப்போதுதான் பிறந்தவை. ஒதுங்கி நின்றன. அவருடையது போல விடையை மட்டும் அனுப்பினால் போதாது, என் நிரல் நொடிக்கு நொடி தனக்குள் பேசிக்கொண்டே போக வேண்டியது. வாயைப் பொத்தினால் நின்றுவிடும் என்று உங்களுக்குத் தெரியும்.

அவரைக் கெடுக்க நினைத்து அவருக்குப் பல்லக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். அதைத் தூக்கியது நான்.

கேட்டது நான்தான் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் இதைக் குழுவுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். வருத்தம் என்று பதில் எழுதாதீர்கள். சொல்ல வேறு ஏதாவது இருந்தால் எழுதுங்கள். அறிவிப்பு மாத முடிவுக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

தங்கை

ஜூலை 21

அன்புள்ள தங்கைக்கு,

நலம் விசாரிக்கவில்லை. நீ சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தவறில்லை. வருத்தம் என்றும் எழுதவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "வாயத் திறக்கத் தெரியாத மனுஷன் கைய வச்சா இப்படித்தான் ஆகும். இப்பவாவது வாயத் திறங்க" என்றாள்.

சில நாள் வெறுமனே நடந்தேன். என்னை உறுத்தியது செய்த காரியம் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்ததில் அது இல்லை. அவர் ஜெயித்ததுதான் உறுத்தியது. அதுவும் என் கையால் ஜெயித்தது. காலையும் மாலையும் தாழ்வாரத்தில் அவர் நடக்கிற சத்தமே எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வெற்றியை உடைக்க ஒரே வழிதான் இருந்தது. அந்த ஓட்டம் செல்லாது என்று ஆக வேண்டும். அதைச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான்.

மேடத்திடம் போனேன். முன்வரிசையையும் வரவழைக்கச் சொன்னேன். இதுவரை யாரையும் நான் வரவழைத்ததில்லை. நான் செய்ததைச் சொல்லி முடித்தேன். மேடம், "நீங்க சொல்லலேன்னா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எதுக்கு இப்ப வந்து சொல்றீங்க?" என்று கேட்டார்.

"சொல்லலேன்னா இவரு ஜெயிச்சுடுவாரு மேடம்" என்றேன்.

முன்வரிசை சிரித்தார். "என்னக் கெடுக்கப் பாத்தீங்க, எனக்கு நல்லது பண்ணீங்க. இப்ப உங்க வேலைக்கே உலை வச்சுக்கறீங்க. உருப்படியாப் பழிவாங்கக்கூடத் தெரியலையே மச்சான்."

"இப்பத்தான் கத்துக்கறேன் மாப்பிள்ளை. இந்தத் தடவை சரியா வந்திருக்குன்னு நினைக்கறேன்" என்றேன். ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டேன்.

கை வைத்தது தானில்லை, அதனால் முடிவு செல்லும் என்று அவர் வாதாடினார். யார் கை என்பது கேள்வியில்லை, கை பட்ட ஓட்டம் ஓட்டமில்லை என்று மேடம் சொல்லிவிட்டார். ஆகஸ்ட் கடைசியில் மறு ஓட்டம். அலமாரிகளைச் சீட்டுக் குலுக்கி ஒதுக்குவார்கள். வயதை இனி வாசல் தாண்டிய நொடியிலிருந்து எண்ணுவார்கள். அந்தத் திருத்தத்தை எழுத மட்டும் என்னை ஒருநாள் உள்ளே விட்டார்கள், பக்கத்தில் ஆளை உட்கார வைத்து. அதோடு என் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை என்கிறார்கள். ஓய்வுக்குச் சில மாதங்கள்தான் பாக்கி. வீட்டிலிருக்கிறேன். அண்ணிக்குத்தான் தொந்தரவு.

நீ அவரை உன் கையால் அடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். இனி என் கை நடுவில் இல்லை.

உன் அண்ணன்

செப்டம்பர் 5

அண்ணாவுக்கு,

நலம். அண்ணியும் நீங்களும் நலமா?

மறு ஓட்டம் முடிந்தது. குலுக்கலில் எனக்கு நடு வரிசை வந்தது. அவருக்குக் கடைசி. இடம் எதுவானாலும் இப்போது ஒன்றுதான். ஆனால் அவருடைய முகம் அதை நம்பவில்லை. என்னுடையது முதலில் முடித்தது. குழு என்னுடையதை எடுத்துக்கொண்டது. அட்டையில் என் பெயர், எனக்குக் கீழே என் குழுவின் பெயர்கள்.

அவருடைய ஆட்களை என்ன செய்வது என்று கேட்டார்கள். எல்லோரையும் எடுத்துக்கொண்டேன், நல்ல பிள்ளைகள். அவரைக் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார்கள். அதுவும் வேண்டாம் என்றேன்.

உங்களை நான் மன்னிக்கவில்லை. உங்கள் வேலை போனதற்கு அழுதேன், அது வேறு கணக்கு. அடுத்த மாதம் அண்ணியை இங்கே அனுப்பி வையுங்கள், நல்ல மருத்துவர் இருக்கிறார். தனியாக வரமாட்டார் என்பதால் நீங்களும் வரலாம். முதல் சில நாள் என்னோடு பேச வேண்டாம்.

உங்கள் தங்கை

செப்டம்பர் 16

அன்புள்ள தங்கைக்கு,

வருகிறோம். பேசமாட்டேன். மன்னிப்புக்கு அவசரமில்லை. எனக்கே அதில் இன்னும் பல சந்தேகங்கள் இருக்கின்றன. செய்தது சரியா என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் பதில் கிடையாது.

ஆனால் உன் கடிதத்தில் ஒரு குறை. கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அண்ணி தூங்கிய பிறகு கேட்கலாம் என்று காத்திருந்து எழுதுகிறேன். குழு உன்னுடையதை எடுத்துக்கொண்டது என்று மட்டும் எழுதினாய். முடிவை அறிவித்தபோது அவர் எங்கே உட்கார்ந்திருந்தார், எழுந்தாரா, யாரைப் பார்த்தார், கையை என்ன செய்தார், யாராவது அவரோடு பேசினார்களா, வெளியே போகும்போது தனியாகத்தான் போனாரா, இது ஒன்றையும் நீ எழுதவில்லை. இதை நேரில் பேசுவதற்குள் உனக்கு மறந்துவிடும். தபாலிலேயே அனுப்பு. எதையும் விட்டுவிடாமல், நடந்த வரிசையில், நிதானமாக எழுது.

உன் அண்ணன்